கறுப்புப் பட்டியலில் எங்கள் வளவு

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சாய்ந்தமருதில் யாரைக் கேட்டாலும், "இன்டர்நெட்டுல கள்ளன் புடிக்கிற" என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு இந்த விளக்கத்தைக் கொடுத்தவர் என் மாமி, அதாவது மனைவியின் உம்மா. நானும் எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தேன்.

"நான் கள்ளன் புடிக்கிறல்ல மாமி. கள்ளன் எந்த அட்ரஸால வந்தானோ அந்த அட்ரஸ லிஸ்ட்டுல போடுற. அவ்வளவுதான் என்ட வேல."

"அதத்தானே மகன் நானும் சொல்ற" என்றார் மாமி.

இதனால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. கல்முனைச் சந்தையடியில் மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்த ஒருவர் அதன் நம்பரைச் சொல்லி, "தட்டிப் பாருங்களன், எங்க நிக்கிது எண்டு" என்று என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருதமுனையில் இருந்து வந்த இன்னொருவருக்கு, வெளிநாட்டு லொத்தரில் கார் விழுந்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்திருந்தது. அது மெய்யா பொய்யா என்று கேட்க அவர் வரவில்லை. கார் கொழும்புத் துறைமுகத்துக்கு வருமா, திருகோணமலைக்கு வருமா என்று கேட்க வந்திருந்தார். ஒரு நாள் மாமியே ஒரு பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் கிடாய் காணாமல் போயிருந்தது. ஆட்டுக்கு இணைய முகவரி கிடையாது என்று நான் சொன்னதும் மாமியின் முகம் விழுந்துவிட்டது. மருமகனுக்குத் தொழில் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று நினைத்திருப்பார்.

உண்மையில் நான் செய்வது இதுதான். உலகத்தின் எந்த மூலையிலாவது ஒரு கடைக்கு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு, ஒரு வைத்தியசாலைக்கு இணையத்தில் ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தின் கதவில் யாரோ ஒருவன் நின்று ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுத் திறந்து பார்ப்பான். அல்லது யாரும் கேட்காத விளம்பரங்களை ஆயிரக்கணக்கில் அனுப்புவான். இடத்துக்காரர்கள், "இந்த முகவரியிலிருந்து இப்படி நடக்கிறது" என்று எங்கள் நிறுவனத்துக்கு முறையிடுவார்கள். முகவரி என்பது நாலு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள். வீட்டுக்கு ஓர் இணைப்பு இருந்தால் அந்த வீட்டுக்கு அப்படி ஒரு முகவரி. நான் வந்த முறைப்பாடுகளைச் சரிபார்த்து, குற்றம் உண்டு என்று கண்டால் அந்த முகவரியைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிடுவேன். அதற்குப் பிறகு எங்கள் பட்டியலைப் பார்த்து நடக்கிற எந்த இடமும் அந்த வீட்டுக்குக் கதவு திறக்காது.

பட்டியலில் ஏறியவர்கள் சும்மா இருப்பார்களா? மன்றாடி எழுதுவார்கள். ஒருவர் தன் மருமகன்மேல் பழி போடுவார். ஒருவர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள் என்பார். பூனை கீபோர்டில் படுத்துவிட்டது என்று எழுதியவரும் உண்டு. எல்லோருக்கும் அனுப்புவதற்கு என்னிடம் ஒரே பதில் இருந்தது: "காரணத்தைக் கண்டுபிடியுங்கள், சரிசெய்யுங்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்." அந்தப் பதிலை எழுதியவன் நான்தான். ரொம்ப நறுக்கென்று அமைந்துவிட்டது என்று எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. நான் மாவடிப்பள்ளியில் நெல்லுக்குள் பிறந்து வளர்ந்து, சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். ஒரே வளவுக்குள் மூன்று வீடுகள். நடுவில் மாமியின் வீடு. மாமா மௌத்தான பிறகு அவர் அங்கே தனியாக இருக்கிறார். ஒரு பக்கம் மூத்த மகளின், அதாவது என் மனைவியின் ராத்தாவின் வீடு. அவளுடைய மாப்பிள்ளை, என் சகலன், கல்முனைக்குடி ஆள், மீன் வியாபாரி; நான் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். மறுபக்கம் எங்கள் வீடு. இடையில் மதில் கிடையாது. இணைய இணைப்பு என் பேரில், ரூட்டர் என் வீட்டில், பாவிப்பது மூன்று வீடும்.

இந்த வேலைக்கு முன்னால் நான் கட்டாரில் இருந்தேன். மகள் பிறந்தபோதும் அங்கேதான். அவள் என்னைத் தொலைபேசியில் பார்த்துத்தான் வளர்ந்தாள். நான் ஊருக்கு வந்து இறங்கிய நாள், அவளைத் தூக்கக் கை நீட்டினேன். அவள் உள்ளே ஓடிப்போய் உம்மாவின் தொலைபேசியை எடுத்துவந்து என்னிடம் காட்டினாள். "வாப்பா இதுக்குள்ள" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டில் இருந்தே செய்கிற இந்த வேலை கிடைத்ததும் என் மனைவி என்னுடைய பெரிய சூட்கேசை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, பழைய திரைச்சீலைகளை எல்லாம் அதற்குள் போட்டு அமுக்கிப் பூட்டி, திரும்ப மேலே வைத்துவிட்டாள். இனி அது திரைச்சீலை வைக்கிற பெட்டி என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒரு நாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து கணினியில் உட்கார்ந்தேன். நிறுவனத்துக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருப்பேன் என்று திரும்ப அடித்தேன். பிறகு கீபோர்டைக் குறை சொன்னேன். பிறகு இணைய இணைப்புக் கொடுத்தவர்களைத் திட்டினேன். கடைசியில்தான் திரையில் இருந்த வாசகத்தை வாசித்தேன். "முறைப்பாடுகள் காரணமாக உங்கள் முகவரி தடுக்கப்பட்டுள்ளது. காரணத்தைக் கண்டுபிடியுங்கள், சரிசெய்யுங்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்."

என்னுடைய நறுக்கென்ற பதில் என் முகத்திலேயே வந்து அறைந்தது.

நிறுவனத்துக்காகவே நான் மாறாத முகவரி ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். ஆகவே இது வேறு யாருடைய முகவரியோ என்று தப்பிக்கவும் வழியில்லை. கைத்தொலைபேசியின் டேட்டாவில் போய் பொதுமக்கள் பார்க்கிற பக்கத்தில் எங்கள் முகவரியைத் தேடினேன். கீழே முறைப்பாடுகள் வரிசையாக நின்றன. எங்கேயோ குளிர்நாட்டில் ஒரு சிற்றூரின் நூலகம், தன் கதவை எங்கள் வளவிலிருந்து யாரோ ஓயாமல் தட்டுவதாக எழுதியிருந்தது. பல் வைத்தியர் ஒருவரும் அப்படியே எழுதியிருந்தார். உடம்பு மெலிகிற குளிசைக்கு எங்கள் வளவிலிருந்து விளம்பரம் போயிருந்தது. சகலனின் வயிற்றை அறிந்த எவருக்கும் இது சிரிப்பை வரவழைக்கும். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மேற்பார்வையாளர் வெளிநாட்டுப் பெண்மணி. தொலைபேசியில் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். என்மேல் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லையாம். ஆனால் அடுத்தவனைப் பட்டியலில் போடுகிற நாங்கள் எங்கள் ஆளைச் சும்மா எடுத்துவிட்டால் நாளைக்கு எங்களை யார் நம்புவார்கள் என்று கேட்டார். எங்கள் ஆள் என்றால் சட்டம் இன்னும் இறுக்கம். காரணத்தைக் காட்டவேண்டும், அத்துடன் முறையிட்டவர்களில் ஒருவராவது தன் முறைப்பாட்டை வாபஸ் வாங்கவேண்டும். மாத முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கூட்டம் இருந்தது. அதற்குள் இது நடக்காவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இத்தனை காலம் இந்த வேலையில் இருக்கிற எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: முறையிட்டவர் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வாபஸ் வாங்குவது என்பது நடக்கிற காரியமே இல்லை.

ரூட்டரைத் திறந்து, அதில் யார் யார் தொங்குகிறார்கள் என்று பார்த்தேன். மூன்று வீட்டுத் தொலைபேசிகளும் என் கணினியும் இருக்கும் என்று நினைத்தேன். விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. அதில் ஒரு பிரிண்டர் இருந்தது. எங்கள் வளவில் யாரிடமும் பிரிண்டர் கிடையாது. வேலிக்குப் பின்னால் போட்டோகொப்பிக் கடை ஒன்று உண்டு. உடுப்புக் கழுவுகிற மெஷின் ஒன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் உடுப்பைக் கையால்தான் கழுவுகிறோம்.

அன்று பின்னேரம் எல்லோரையும் மாமி வீட்டு விறாந்தைக்குக் கூப்பிட்டேன். யார் பாஸ்வேர்டை வெளியில் கொடுத்தது என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கவேண்டும்.

"தம்பி, நான் கடல்ல வாற மீன விக்கிற ஆள். எனக்கு உங்கட பாஸ்வேர்டு விக்கத் தேவல்ல" என்று சகலன் எழும்பிவிட்டார்.

"உங்களச் சொல்லல்ல காக்கா. இரிங்க."

மனைவி தன் ராத்தாவைப் பார்த்தாள். ராத்தா தன் உம்மாவைப் பார்த்தாள். மாமி சுளகில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இல்லாத கல்லையும் பொறுக்கினார்.

"மாமி, நீங்க யாருக்கும் குடுத்தயா?"

"ரமழான்ல குடுத்த" என்றார் மாமி, தலையை நிமிர்த்தாமல்.

விஷயம் இதுதான். ரமழானில் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், நடமாடுவது மனிதர்களைவிடப் பீங்கான் தட்டுகள்தான். ஒரு வீட்டுக் கஞ்சி இன்னொரு வீட்டுக்குப் போகும். அந்த வீட்டுச் சமோசா இந்த வீட்டுக்கு வரும். வந்த பீங்கானை வெறுமனே திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ரெண்டு ஈத்தம்பழம், அதுவும் இல்லாவிட்டால் கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் அனுப்பவேண்டும். வெறும் பீங்கான் போனால் அந்த வீட்டுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் ஒரே நேரத்தில் பீங்கான்கள் வந்து குவிந்துவிட்டன. குசினியில் இருந்ததெல்லாம் போட்டு முடிந்த பிறகும், பின்வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி கட்லட் பீங்கானுடன் வாசலில் நின்றாள்.

"ஈத்தம்பழமும் முடிஞ்சி, சீனியும் முடிஞ்சி. நோன்பு துறக்க நேரமாகுது. அந்தப் புள்ள நிண்டு பாக்குது. வெறும் பீங்கான எப்பிடி மகன் அனுப்புற?"

"அதுக்கு?"

"அதுக்கு பாஸ்வேர்டச் சொல்லி அனுப்பின."

மாமிக்கு மறக்கக்கூடாது என்று, அவருடைய பழைய வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத்தான் நான் பாஸ்வேர்டாக வைத்திருந்தேன். அவர் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மறுநாள் அதே வீட்டிலிருந்து இன்னும் பெரிய பீங்கான் வந்தது. அதற்கு அடுத்த நாள், அதற்கு முன்னால் எங்களுக்கு ஒன்றுமே அனுப்பாத வீடுகளிலிருந்தெல்லாம் வரத்தொடங்கின. மாமி ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ரமழானில் வட்டிலப்பத்துக்கு மேல் வட்டிலப்பமாக வந்தபோது, "இந்த வருஷம் நம்மட வீட்டுல நல்ல பறக்கத்து" என்று அல்லாஹ்வின் அருளை மெச்சி மெச்சிச் சாப்பிட்டவன் நான்.

"மாமி, இது என்ன கஞ்சியா, எல்லாருக்கும் ஊத்திக் குடுக்க?"

"கஞ்சியெண்டா முடிஞ்சி போயிடும் மகன். இது எவ்வளவு குடுத்தாலும் குறையல்லயே" என்றார் மாமி.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். வளவுக்குள் இருந்ததுக்கெல்லாம், மாமியின் டீவிக்கும், புதியதை நானே அடித்துக் கொடுத்தேன்; மாமியிடம் அதைச் சொல்லவில்லை. அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனால், வழக்கமாக ஒழுங்கை அதிரச் சலாம் சொல்கிறவர்கள் உதட்டுக்குள் சொன்னார்கள். போட்டோகொப்பிக் கடைக்காரர் கோபமாகவே வந்தார். "உங்கட நெட்டு நேத்தையிலரிந்து வேல செய்யிதில்ல. ஆக்கள் வந்து நிக்கிறாங்க. கெதியாப் பாத்துத் தாங்க" என்று என்னைக் கடிந்துகொண்டார். நானும் என்னை மறந்து, "மன்னிச்சிக்கங்க, பாக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். மாமியிடம் கேட்டவர்களுக்கு அவர், "மருமகன்ட ஒபீசுல சட்டம் போட்டிரிக்காங்க புள்ள" என்று சமாளித்தார். அந்தச் சட்டத்தைப் போட்டவர்களை அவர் மனதுக்குள் என்ன சொல்லித் திட்டினார் என்பது வேறு விஷயம்.

ஊரைப் பகைத்தாயிற்று, இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தேன். அடுத்த நாள் பார்த்தால் எங்கள் முகவரியில் புதிய முறைப்பாடு. அப்படியானால் கள்ளன் ஒழுங்கையில் இல்லை. வளவுக்குள்தான் இருக்கிறான்.

அன்று அறைக்குள் போனபோது கட்டிலில் திரைச்சீலைகள் மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சூட்கேஸ் நிலத்தில் திறந்து கிடந்தது. மனைவி அதன் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"சும்மா, தூசி தட்டுற" என்றாள். அவளுடைய கண் தூசி பட்ட கண்ணாக இல்லை. மகள் சூட்கேசுக்குள் ஏறி உட்கார்ந்து, அது கடலில் போகிற தன்னுடைய வள்ளம் என்றாள். இந்த வீட்டை விட்டு இனி எங்கேயும் போவதில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு ரூட்டரிடம் போனேன்.

ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதுதான் வழி. எல்லோருடைய தொலைபேசியையும் கேட்டேன். சகலன் தன்னுடையதைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டார்.

"போட்டுக்காரன் எப்ப கோல் எடுப்பான் எண்டு தெரியா. இத அணைச்சா நாளைக்கு மீனில்ல. மீனில்லாட்டி நீங்களும் பருப்புத்தான் திங்கிற, தம்பி."

"ஒரு கொஞ்ச நேரம் காக்கா."

கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அணைத்தார். என் கணினி, மனைவியின் தொலைபேசி, மதினியின் தொலைபேசி எல்லாம் அணைந்தன. வளவே மௌனமானது. ஆனால் ரூட்டரின் சின்ன விளக்கு மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி மினுங்கிக்கொண்டே இருந்தது. யாரோ போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

அப்போது மாமி வீட்டுக்குள்ளிருந்து ஹாஜிமார் தல்பியா முழங்குகிற சத்தம் கேட்டது. டீவி. அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அணைக்கச் சொல்ல யாருக்கும் வாயும் வரவில்லை. ஏனென்றால் மாமியின் டீவியில் எந்நேரமும் மக்கா.

டீவிக்குப் பின்னால் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ரமழானுக்கு முன்னால் சகலன் எங்கேயோ மலிவாக வாங்கிவந்து மாமிக்குக் கொடுத்தது. அதை மாட்டினால் உலகத்துச் சேனல் எல்லாம் சும்மா வரும். மாமிக்கு மற்றச் சேனல்கள் வேண்டாம். அவர் காலையிலிருந்து கஃபாவைப் பார்த்துக்கொண்டு தஸ்பீஹ் மணி உருட்டுவார். அதைச் சுற்றித் தவாப் செய்கிற சனத்துக்குள் ஊர் ஆட்கள் யாராவது தெரிகிறார்களா என்றும் ஒரு கண் வைத்திருப்பார்.

நான் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். ஓடிப்போய் ரூட்டரைப் பார்த்தேன். விளக்கு அமைதியாக எரிந்தது. திரும்ப மாட்டினேன். பைத்தியம் பிடித்தது. இப்படியான மலிவுப் பெட்டிகளைப் பற்றி எங்கள் நிறுவனத்தில் எத்தனை தடவை பேசியிருப்போம். அது என் மூக்குக்கு முன்னால், என் மாமியின் வீட்டுக்குள் ரமழான் முழுக்க நோன்பு துறந்திருக்கிறது!

"என்ன மகன், என்ட மக்காவ ஏன் அணைச்ச?"

"மாமி, கள்ளன் இதுதான்."

மாமி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரையில் நின்றுபோன இடத்தைப் பார்த்தார். "மக்காவக் காட்டுற பொட்டியா களவெடுக்கிற? வாய்க்கு வந்தபடி கதைக்காதீங்க மகன்."

நான் பொறுமையாகச் சொன்னேன். பெட்டி முன்பக்கத்தால் நமக்கு மக்காவைக் காட்டுகிறது. பின்பக்கத்தால் நம் வீட்டு வேலிக் கடப்பைத் திறந்து, யாரோ முன்பின் தெரியாத கள்ளர்களை உள்ளே விடுகிறது. அவர்கள் நம் வாசலால் வெளியே போய் ஊரான் வீட்டுக் கதவுகளைத் தட்டுகிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் எட்டிப் பார்த்தால் தெரிவது நம் வீடு.

மாமி பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "யாரு யார்ர கதவெல்லாம் தட்டின?" என்று கேட்டார்.

நூலகத்தைச் சொன்னேன். பல் வைத்தியரைச் சொன்னேன். குளிசை விளம்பரத்தைச் சொல்லவில்லை.

"யா அல்லாஹ், நான் இதுக்கு முன்னால இரிந்து ஓதி இரிக்கன்" என்று தலையில் கை வைத்தார். எழுந்து பெட்டியைத் தானே பிடுங்கி, பழைய துவாய்க்குள் சுற்றி, எதற்கும் என்று வாளிக்குக் கீழே கவிழ்த்து வைத்தார்.

அடுத்த சிக்கல் சகலன். மூத்த மருமகன் கொடுத்த அன்பளிப்பைக் கள்ளன் என்று இளைய மருமகன் சொன்னால் அந்த வளவில் பிறகு பெருநாள் கிடையாது. மாமி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பொட்டி இடி மின்னலுக்குப் போயிட்டு மகன்" என்றார் சகலனிடம். மழையைக் கண்டு மாதக்கணக்கு. சகலன் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு முகில் இல்லை.

"அதுக்கென்ன மாமி, நாளைக்கே இன்னொண்டு வாங்கித் தாறன்."

"வேணா மகன்!" என்று மாமி கத்திய சத்தத்தில் கோழிகள் கலைந்தன. "தம்பி கொம்பியூட்டரால மக்காவப் போட்டுத் தந்திட்டாரு." ஆகவே என்னுடைய பழைய மடிக்கணினி அன்றிலிருந்து மாமியின் டீவியோடு போய்ச் சேர்ந்தது.

காரணம் கிடைத்தது, சரிசெய்தாயிற்று. வாபஸ் வாங்க ஆள் வேண்டும். நான் முறையிட்டவர்களுக்கு எழுத உட்கார்ந்தபோது மாமி கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். அவருடைய கவலை என் வேலை அல்ல. அல்லாஹ்வுக்குச் செய்த பாவத்தை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டும், தட்டப்பட்ட கதவுக்காரர்களிடம் மாப்புக் கேட்காமல் தான் மௌத்தானால் மறுமையில் அந்தப் பல் வைத்தியர் வந்து தன் கையைப் பிடிப்பார் என்று பயந்தார்.

"நான் சொல்றத அப்பிடியே எழுதுங்க மகன். சும்மா ஒபீஸ் கதை எழுதாதீங்க."

எழுதினேன். ரமழானில் பீங்கான் வெறுமனே போகக்கூடாது என்பதிலிருந்து தொடங்கினார். "ஏன் மாமி அது? அதுக்கும் பொட்டிக்கும் சம்பந்தமில்லயே" என்றேன். "முழுக்கச் சொல்லித்தான் மாப்புக் கேக்கிற" என்றார். ஆகவே கட்லட்டும் போனது, ஈத்தம்பழமும் போனது. தான் விதவை என்பதும், பெட்டி மக்காவைக் காட்டியதால் நம்பிவிட்டதும், இனி அது வாளிக்குக் கீழே இருக்கிறது என்பதும் போனது. "உங்கட கதவத் தட்டினது எங்கட வீட்டு ஆக்களில்ல, ஆனா எங்கட வாசலாலதான் போன. அதுக்கு என்ன மன்னிச்சிக்கங்க" என்று முடித்தார். என் தொழிலில் நான் வாசித்த மன்றாட்டங்களில் ஒன்றில்கூட இப்படி யாரும் எழுதியதில்லை. முறையிட்டவர்கள் எல்லோருக்கும் அதை ஆங்கிலத்தில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. மாமி ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் யன்னலடிக்கு வந்து, "வந்திச்சா மகன்?" என்று கேட்பார். இல்லை என்பேன். மாத முடிவு கிட்டக் கிட்ட வந்தது. கட்டாரிலிருந்த பழைய மேலாளர், எப்போது வந்தாலும் இடம் உண்டு என்று செய்தி அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்தச் செய்தியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. மனைவி அதை என் தோளுக்கு மேலால் வாசித்தாள். என்னுடைய சட்டைகளை ஸ்திரிக்கை போடத்தொடங்கினாள். மகள் மட்டும் வள்ளத்துக்குள் இருந்து இறங்க மறுத்தாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் நூலகத்திலிருந்து பதில் வந்தது. அந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் எழுதியிருந்தார். கதவு பலமானது, ஒன்றும் களவு போகவில்லை. இத்தனை காலத்தில் தன் கதவை ஆயிரம் பேர் தட்டியிருக்கிறார்கள், மன்னிப்புக் கேட்டது உங்கள் மாமி ஒருவர்தான். நூலகத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கடிதத்தை வாசித்துக் காட்டினாராம். முறைப்பாட்டை வாபஸ் வாங்கி எங்கள் நிறுவனத்துக்கும் எழுதிவிட்டார். மாமிக்குத் தன் அன்பைச் சொல்லச் சொல்லியிருந்தார்.

நான் யன்னலால் கத்தினேன். மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

"மாப்புச் செஞ்சிட்டாவாமா?"

"ஓம் மாமி. செஞ்சிட்டா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி மாமி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அறைக்குள் மனைவி திரைச்சீலைகளைத் திரும்பவும் சூட்கேசுக்குள் போட்டு முழங்காலால் அமுக்குகிற சத்தம் கேட்டது. மகள் தன் வள்ளத்தில் சாமான் ஏற்றுகிறார்கள் என்று கத்தி அழுதாள்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு நல்ல வார்த்த அனுப்பி இரிக்கா அந்த மனிசி. நாம வெறுமனே உடுறா மகன்?" என்று கேட்டார்.

"என்ன மாமி செய்யிற? கட்லட் அனுப்ப ஏலாதே."

மாமி பின்னால் திரும்பி, யாரும் கேட்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"அந்தப் புதுப் பாஸ்வேர்டச் சொல்லி அனுப்புங்களன்" என்றார். "அவ அவ்வளவு தூரத்தில இரிக்கா. குடுத்தா என்ன?"